ஜெயம்மா கோழியோடு வீடு பார்த்த கதை

இரத்தினபுரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு குடையோடும், ஊர் தெரிந்த ஒரு ஆளோடும் போவது வழக்கம். பெல்மதுளைச் சந்திச் சோற்றுக்கடை ஜெயம்மா இவை இரண்டோடும் ஒரு கோழியையும் கூடையில் வைத்து எடுத்துப் போனாள். இலங்கையில் கொடிய மலேரியா வந்த வருஷத்துக்கு ஐந்தாறு வருஷம் முந்திய சங்கதி இது.

ஜெயம்மா எனக்குச் சின்னம்மா. என் தகப்பனாரின் தம்பி அழகமுத்துவின் மனைவி. இங்கே பெயரைச் சொல்லி எழுதுகிறேன். நேரில் அந்தத் துணிச்சல் எனக்கு வராது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெயருக்குப் பின்னால் பீ.ஏ. போட்டுக்கொள்வதைச் சந்தியில் சிலர் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும், போடத்தான் செய்வேன். இரண்டாவது ஆள் சின்னம்மாவின் மகள் சீதாதேவியாக இருப்பாள் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. அதில் அந்தக் கோழிக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதி வைக்கிறேன். அப்போது நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது மூன்று பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சித்தப்பா பெருமூச்சோடு சொன்னார். தரகர் நிலாம் சிரிப்போடு சொன்னார். சின்னம்மா தன் பக்கத்து நியாயத்தில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

கடைக்கு மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்களும், மாட்டுவண்டிக்காரரும், லொறிக்காரரும் வருவார்கள். சீதா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். எட்டு வயது நடக்கும்போது அவளை இரத்தினபுரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கக் கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியை அன்னலட்சுமி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரி, பிள்ளையை மேசைக்கு முன்னால் நிறுத்தி, "பிள்ளைக்குப் பாட்டு ஏதும் வருமோ?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார்.

சீதா கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சந்தி ஏற்றத்தில் வண்டிக்காரர் மாட்டைப் பார்த்துப் பாடுவதை, சிங்கள வசவும் இங்கிலீஷ் வசவும் சேர்த்து, ராகம் பிசகாமல் பாடினாள்:

"நட நட நாலுகால் சோம்பேறி! ஒங்கப்பன் சொமந்தான் உப்பு மூட்ட, நீ சொமக்கிறே ஒன் வயித்த! மோடயா, ஹரக்கா, பிளடி பூல் மாடே! ஒன் தோல உரிச்சுத் தவுலுக்குக் கட்ட..."

கடைசி அடியை நான் எழுத முடியாது. நான் பட்டதாரி.

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். ஜெயம்மா மட்டும் நேராக நின்றாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஒரு சொல்லுத் தடக்கேல்லை. ஆனால் இந்தப் பாடம் எங்கடை பள்ளிக்கூடத்தில இல்லை. நீங்கள் பிள்ளையை அந்தச் சந்தியால எடுத்துக்கொண்டு வந்து டவுனில ஒரு நல்ல அயலில குடியிருங்கோ. பள்ளிக்கூடத் தவணை தொடங்க முந்தி வந்தால் சேர்க்கிறன். இல்லாட்டி இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்திடுவன்."

"நல்ல அயலுன்னா எதுங்க டீச்சர்?" என்று ஜெயம்மா கேட்டாள்.

"அதைத் தாய் பார்த்துக் கண்டுபிடிக்க வேணும்."

டீச்சர் பேச்சுக்குச் சொன்னதை ஜெயம்மா பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். கோழி வந்தது அதனால்தான்.

ஜெயம்மா நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம். அங்கே கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பெண்ணை அப்புறம்தான் பார்ப்பார்களாம். முதலில் அந்த லயத்தில் ஒரு சண்டை நடக்கும்வரை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் காத்திருப்பார்கள். பெண் வீட்டார் சண்டையில் என்ன பேசுகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை மாற்றுவார்கள். சித்தப்பாவுக்கு ஜெயம்மாவைப் பேசும்போதும் அப்படித்தான் கேட்டார்கள். அவள் சண்டையைக் கேட்ட பிறகும் சித்தப்பா எப்படிச் சம்மதித்தார் என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி, இந்தத் தொண்ட நம்ம பக்கம் இருக்கட்டும்னு நெனச்சேன். எதிர்ப்பக்கம் போயிட்டா என்ன செய்றது?" என்றார்.

"சிரிச்சுப் பேசையில எல்லாரும் நல்லவங்கதான்," என்று ஜெயம்மா அவருக்கு விளங்கப்படுத்தினாள். "தெருவுல என்ன பேச்சு ஓடுதுன்னு சண்டையிலதான் தெரியும். புள்ள காதுல மொதல்ல விழப்போறதும் அதுதான். ஒவ்வொரு தெருவுலயும் ஒரு சண்ட போட்டுப் பாத்துட்டு எடுப்போம்."

"சண்டைக்கு எங்க போறது புள்ள? தெரியாத ஊரு."

"கோழி இருக்கே."

லயத்துச் சண்டைகளில் முக்கால்வாசி கோழியில்தான் ஆரம்பிக்கும். கோழி அடுத்த வீட்டு வாசலில் நுழைந்தால் போதும், மிச்சத்தை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜெயம்மா தன்னிடம் இருந்ததிலேயே துணிச்சலான சிவப்புப் பெட்டை ஒன்றைத் தெரிந்தெடுத்தாள்.

நிலாம் மாணிக்கக்கல் தரகர். ஊரில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். மழைக்குக் குழிகளில் தண்ணீர் நின்று கல் வராத காலத்தில் வீட்டுத் தரகும் பார்ப்பார். கல் காட்டிப் பழகிய கை என்பதால் வீட்டையும் அப்படியே காட்டுவார். கதவைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது என்று பார்க்கச் சொல்வார். பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பத்தையும் கூடையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"கோழி என்னத்துக்கு தங்கச்சி? எனக்கா?"

"இல்ல நானா. வீடு பாக்குறதுக்கு."

நிலாம் அதற்கு மேல் கேட்கவில்லை. தரகர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

முதலில் கடைத்தெருவுக்குப் பின்பக்கம் போனார்கள். வீடு கைக்கடக்கமானது, பள்ளிக்கூடம் கிட்டே. நிலாம் உள்ளே காட்டிக்கொண்டிருக்க, ஜெயம்மா கூடையைச் சாய்த்துவிட்டாள். கோழி நேரே போய், அடுத்த வீட்டுத் தேங்காய்க்காரி பாயில் காயப்போட்டிருந்த மிளகாயின் மேல் ஏறி நின்றது.

அதன் பிறகு நடந்ததைச் சித்தப்பா இன்றைக்கும் திருவிழாவைச் சொல்வதுபோல் சொல்வார். தேங்காய்க்காரி தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் ஏறி மறுபடி தமிழில் இறங்கினாள். ஜெயம்மாவின் முப்பாட்டன் கப்பலில் வந்ததையும், அந்தக் கப்பல் ஏன் மூழ்காமல் போனது என்பதையும் கேட்டாள். ஜெயம்மா பதிலுக்கு அவள் விற்கும் தேங்காயையும் அவள் தலையையும் தட்டிப் பார்த்தால் எது வெறும் ஓடு என்று சத்தத்தில் தெரிந்துவிடும் என்றாள். எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நிலாம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சண்டை உச்சத்துக்குப் போனபோது ஜெயம்மா தற்செயலாகக் கீழே பார்த்தாள். சீதாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிள்ளை பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜெயம்மா பாதி வசவை விழுங்கிவிட்டுப் பிள்ளையின் காதிரண்டையும் பொத்திக்கொண்டு தெருவை விட்டு வெளியேறினாள். கோழியைச் சித்தப்பா தூக்கி வந்தார்.

"சண்ட நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் தெருமுனையில், மூச்சு வாங்க. "ஆனா புள்ளைக்கு ஆகாது."

இரண்டாவது வீடு மேட்டுத்தெருவில். அரசாங்கக் கந்தோரில் எழுதும் கிளாக்கர்மார் குடியிருக்கும் தெரு. வீட்டுக்கு வீடு சன்னல் திரை. நிலாம் வாசலில் நின்று கையை விரித்தார். "தங்கச்சி, இது நீலக்கல்லு. எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் ஒரு கீறல் ஈக்கா சொல்லுங்க!"

கோழி அடுத்த வீட்டுப் பூந்தொட்டிகளுக்குள் போய் ஒரு தொட்டியைக் கவிழ்த்தும் விட்டது. ஜெயம்மா முந்தானையைச் சொருகிக்கொண்டு தயாராக நின்றாள். திரை ஒன்று கொஞ்சம் விலகியது. ஒரு கண் தெரிந்தது. திரை மூடிக்கொண்டது. சற்றுப் பொறுத்து வேலைக்காரி ஒருத்தி வந்து, கால்கள் கட்டிய கோழியை ஒன்றும் பேசாமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது. பக்கத்துச் சன்னலும் சாத்திக்கொண்டது. ஜெயம்மா வெயில் உச்சிக்கு வரும்வரை நின்று பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

"எப்படி?" என்றார் நிலாம் பெருமையாக.

"வேணாம் நானா. இவங்க கோவத்த உள்ளயே வச்சு ஊறுகா போடுறவங்க. எம்புள்ள இதப் படிச்சுக்கிட்டான்னா, அவளுக்கு என்மேல கோவம்னு எனக்கு எந்தக் காலத்துலயும் தெரியாமப் போயிரும்."

மூன்றாவது ஆற்றுப்பக்கம், பள்ளிவாசலுக்குப் பின்னால். அங்கே அடுத்த வீட்டில் ஸாஹிரா என்ற அம்மா. நிலாமுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கோழி அவர் குசினிக்குள்ளேயே போய்விட்டது. ஜெயம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னாலேயே போனாள். போனவள் திரும்பி வரவில்லை. சித்தப்பா பயந்து எட்டிப் பார்த்தபோது அவள் பாயில் உட்கார்ந்து வட்டிலப்பம் என்கிற இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீதாவுக்கும் ஒரு துண்டு. கோழிக்கு அரிசி.

"என்ன புள்ள, சண்ட?"

"எப்படிங்க போடுறது? வாயத் தொறந்தா ஊட்டி விடுறாங்க."

ஜெயம்மாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. சண்டை இல்லாமலே எடுத்துவிடுவோம் என்றுகூட நினைத்தாள். பார்க்க வந்த காலி வீட்டுச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நாலு பக்கமும் ஓடியது.

"இது என்ன நானா?"

"அது கல்லுக்குள்ள ஓடுற ரேகை மாதிரி தங்கச்சி. வீட்டுக்கு ஒரு அழகு."

"நிலாம், பொய் சொல்லாம சொல்லு," என்று ஸாஹிரா வாசலிலிருந்து அதட்டினார். "போன வெள்ளம் தங்கச்சி. களுகங்கை வருஷத்துக்கு ஒருக்கா உள்ளுக்கு வந்து பாத்துட்டுப் போகும். நாங்க பரண்ல ஏறிக்கொள்ற. ஒங்கட புள்ளய இங்க வெக்க வாணாம்."

சீதாவைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தார்கள். கோடு அவள் தலைக்கு மேலே போனது. ஜெயம்மா கண் கலங்கிக்கொண்டே விடைபெற்றாள். ஒரு சண்டையில்கூட அவள் அப்படிக் கலங்கியதில்லை.

இனி ஒரே ஒரு வீடுதான் மிச்சம். மறுநாள் தவணை தொடக்கம். நிலாம் அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒழுங்கை என்கிற ஒரு சிறு சந்து, ஐந்தாறு வீடு, உயரமான நிலம், நல்ல கிணறு. அடுத்த வீட்டில் அன்னலட்சுமி டீச்சர்.

ஒழுங்கை முனையிலேயே நிலாம் நின்றுவிட்டார். "தங்கச்சி, இங்க மட்டும் கோழி வாணாம். நான் இந்த ஊர்ல பொழைக்கோணும்."

சித்தப்பா கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஜெயம்மா, ஒன்னக் கும்புடுறேன். புள்ளையச் சேக்குறதே அவங்கதான். அவங்களோடயே மல்லுக்கு நின்னா நாளைக்கு இடம் போயிரும். புள்ள மறுபடியும் சந்தியில மாட்டுப் பாட்டுத்தான் பாடும்."

"தெருவுல புள்ள பொழுது சாஞ்சப்புறம்தான் இருக்கப்போவுது. இவங்ககிட்ட பகல் பூரா இருக்கப்போவுது. இவங்க சண்டையத்தான் நான் கட்டாயம் கேக்கணும். விடுங்க கூடைய."

அவர் விடவில்லை. அவள் இழுத்தாள். கூடை கவிழ்ந்தது. கோழி வேலிக்குக் கீழால் நுழைந்து, டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து விதை கொண்டுவந்து நட்டிருந்த கத்தரிப் பாத்தியை இரண்டு காலாலும் வாரத் தொடங்கியது.

டீச்சர் தலை முழுகி, மூக்குக்கண்ணாடி இல்லாமல், ஈரக் கூந்தலை முடிந்தபடி வெளியே வந்தார்.

"ஆற்றை கோழி உது?"

"எங்களுதுதான். இப்ப அதுக்கு என்ன?" என்றாள் ஜெயம்மா. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

"என்ன எண்டோ? கத்தரிக் கண்டு எல்லாத்தையும் கிளறிப்போட்டு நிக்குது. நீங்கள் வந்து என்ன எண்டு கேக்கிறியளோ?"

"கோழின்னா கெளறத்தான் செய்யும். பின்ன ஒக்காந்து புஸ்தகமா படிக்கும்?"

"கோழி படியாட்டிப் பரவாயில்லை. கோழி வளர்க்கிறவையாவது நாலு எழுத்துப் படிச்சிருக்கலாம்."

"நாலெழுத்துப் படிச்சவங்க ஒழுங்கா ஒரு வேலி கட்டப் படிக்கலையாக்கும்?"

"வேலி இருக்கு அம்மா. உங்களுக்குக் கண் இருக்கோ எண்டதுதான் என்ரை சந்தேகம்."

ஜெயம்மாவுக்கு உள்ளுக்குள் சூடு பிடித்தது. சோற்றுக்கடைக்காரி அல்லவா, கை வைக்க வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும். "ஊரு ஒலகத்துல இல்லாத கத்தரிக்கா பாரு! இதெல்லாம் கொழம்புல போட்டா, செத்தவன் செருப்பு மாதிரிக் கெடக்கும்!"

நிலாம் ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். டீச்சர் ஒரு படி இறங்கினார். குரல் உயரவில்லை, இன்னும் தணிந்தது.

"யாழ்ப்பாணத்துக் கத்தரிக்காயைப் பற்றிக் கதைக்கிறதுக்கு ஒரு தகுதி வேணும். நீங்கள் மரியாதையான குடும்பத்துப் பிள்ளை போல இருக்கிறியள். அதாலை உங்கடை நன்மைக்குச் சொல்லுறன். உங்கடை தலைக்குள்ளை இருக்கிறது மூளை எண்டு இனி ஒருத்தருக்கும் தயவுசெய்து சொல்லிப்போடாதையுங்கோ. அவையள் நம்பி ஏமாந்துபோவினம். போய்ச் சுகமாய் இருங்கோ."

ஜெயம்மா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பேச்சு நின்றுபோனதைச் சித்தப்பா கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாராம். அவள் மெதுவாகக் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். சீதாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. "தயவுசெய்து சொல்லிப்போடாதையுங்கோ... தயவுசெய்து..."

"நானா," என்றாள் ஜெயம்மா, முகமெல்லாம் மலர, "வீட்டப் பேசி முடிச்சிருங்க. இதான் தெரு."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து நிலாம் வந்து, இவர்கள் இன்னார் என்பதையும், தேங்காய்க்காரி முதல் வட்டிலப்பம் வரை நடந்ததையும் சொல்லி முடித்தார். டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, என்னைச் சோதிச்சனீங்களோ?"

"ஆமாங்க டீச்சர். எவ்வளவு சுத்தமாப் பேசுறீங்க! என்னைய நாராக் கிழிச்சுட்டீங்க, ஒரு வார்த்தைகூடப் புள்ள காதுக்கு ஆகாததில்ல."

டீச்சர் கிளறிக் கிடந்த பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். இடம் போய்விட்டது என்றே சித்தப்பா நினைத்தார். ஒரு கையில் கோழியும் மறு கையில் பிள்ளையுமாகப் பஸ்ஸுக்குப் புறப்படவே திரும்பிவிட்டார்.

"பிள்ளை, இங்கை வா. நான் இப்ப அம்மாவுக்குச் சொன்னதை ஒருக்காச் சொல்லு பார்ப்பம்."

சீதா கையைக் கட்டினாள், கண்ணை மூடினாள். கத்தரிக்காய் முதல் சுகமாய் இருங்கோ வரை யாழ்ப்பாணத்து இழுவையோடு, தணிந்த குரலோடு, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டிவாருங்கோ, சேர்க்கிறன். ஆனால் ஒண்டு. பிள்ளைக்குக் கேக்கிற தூரத்தில நீங்கள் இனி ஆரோடை சண்டைக்குக் கொளுவினாலும் மரியாதையாத்தான் கொளுவ வேணும். ஒரு சந்திக்கடைச் சொல்லு என்ரை காதில விழுந்தால், பிள்ளையும் சந்திக்கடைக்கே திரும்பிப்போவா."

ஜெயம்மா யோசித்தாள். பிள்ளையை எடுத்துக்கொள்ளட்டும், கோழியை எடுத்துக்கொள்ளட்டும். வாயையே கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கடைசியில், "சரிங்க டீச்சர்," என்றாள்.

ஜெயம்மாவும் சீதாவும் ஒழுங்கையில் குடியிருந்தார்கள். சித்தப்பா சந்தியில் கடையைப் பார்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வருவார். ஜெயம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கிணற்றடியில் யாராவது முந்திக்கொண்டு வாளியைப் போட்டால், முகம் மிளகாயாகச் சிவக்க, "அம்மா, நான் முன்னுக்கு நின்னத நீங்க கவனிக்கலைன்னு நெனைக்கிறேங்க," என்பாள். கேட்டவர்கள் வசவு வாங்கியதைவிடப் பயந்து விலகினார்கள். சீதா ஒவ்வொரு தவணையும் முதலாவதாக வந்தாள்.

ஆனால் மனித உடம்பில் அத்தனையையும் எங்கே வைத்துக்கொள்வது? ஒருமுறை நான் சனிக்கிழமை மாலை அங்கே போயிருந்தேன். பஸ்ஸால் வந்த சித்தப்பா முகம் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, உள்ளறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஜெயம்மா கதவைச் சாத்தினாள். அந்த வாரம் முழுதும் ஒழுங்கையில் யார் யாருக்கு என்னென்ன சொல்லாமல் விட்டாளோ, அத்தனையையும் திங்கட்கிழமையிலிருந்து வரிசையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சித்தப்பா வெற்றிலையை மென்றபடி, "அப்புறம்? அதுக்கு மேல அவ என்ன சொன்னா?" என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் டீச்சர் வீட்டு விறாந்தைக்குப் போய்விட்டேன். அங்கே சீதா உரத்த குரலில் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் கண் புத்தகத்தில் இருந்தது. காது வேலிப் பக்கம் இருந்தது.

"டீச்சர், முடிஞ்சுது. நான் வீட்ட போகட்டா?"

"இன்னும் ஒருக்காப் பதினாறாம் வாய்பாட்டைச் சொல்லு பிள்ளை, பெலத்துச் சொல்லு," என்றார் டீச்சர். "அம்மா இப்பதான் வியாழக்கிழமைக்கு வந்திருக்கிறா."